பச்சக் குழந்தைக்கு மயக்கம் குடுக்கும்போது பிரஷர் விழுந்தா என்ன பண்ணணும்

நியோனேட், அதாவது புதுசா பிறந்த குழந்தை கேஸ்ல பிரஷர் கஃப்பை மட்டும் நம்பி உக்காந்திருக்காதீங்க, ஹார்ட் ரேட்டைக் கவனிங்க. இந்த வயசுல இதயத்தால ஒரு துடிப்புக்குத் தள்ற ரத்தத்தைப் பெருசா கூட்டிக்க முடியாது, 140ல ஓடிட்டிருந்த ரேட் 90க்கு வந்தா அவுட்புட்டும் கூடவே விழுந்துடும். உடனே துடிப்பை ஏத்துற அட்ரோபினுக்குக் கை நீட்ட வேணாம், பெரும்பாலும் ஆக்சிஜன் குறைஞ்சுதான் ரேட் இறங்கும், அதனால மூச்சு டியூப் வலது நுரையீரல் பக்கம் இறங்கிடுச்சா, காயத்தை விரிச்சுப் பிடிக்கிற ரிட்ராக்டர் நுரையீரலை அமுக்குதான்னு பாருங்க, சர்ஜனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, மயக்க வாயு செவோவைக் (செவோஃப்ளூரேன்) குறைச்சுட்டு கையால பையை அமுக்கி மூச்சு குடுங்க. நல்லா வென்டிலேட் பண்ணியும் ரேட் 60க்குக் கீழயே நின்னா நெஞ்சை அமுக்குற கம்ப்ரஷன், கூடவே அட்ரினலின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அந்த சிரிஞ்ச் கேஸ் ஆரம்பிக்கும் முன்னாடியே லேபிளோட ரெடியா இருக்கணும்.

ரத்தத்துல ஆக்சிஜன் அளவு காட்டுற சாச்சுரேஷன் புரோப் ரெண்டு போடுங்க, வலது கையில ஒண்ணு, கால்ல ஒண்ணு. கால்ல மட்டும் நல்லா கம்மியா காட்டினா நுரையீரல் பிரஷர் ஏறி டக்டஸ் (நுரையீரல் குழாயையும் உடம்புக்குப் போற பெரிய குழாயையும் சேக்குற இணைப்பு) வழியா ரத்தம் வலமிருந்து இடமா போகுதுன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து இறங்கினாலும் நுரையீரல் பிரஷர் ஏறியிருக்கலாம்ங்கறதை விட்டுடாதீங்க, இப்படி ரத்தம் பக்கம் மாறிப் போற ஷன்ட், இதயத்தோட மேலறைகளுக்கு நடுவுல இருக்கிற ஃபொராமென் ஓவேல் ஓட்டையிலயும் நடக்கலாம். குளிர், அசிடோசிஸ் (ரத்தத்துல அமிலம் ஏறறது), ஏறின கார்பன் டைஆக்சைடு, மயக்கம் பத்தாம வலி, இதெல்லாம்தான் நுரையீரல் பிரஷர் ஏறறதைத் தூண்டி விடும். ஆக்சிஜனை ஏத்துங்க, வலி மருந்து ஃபென்டனில் குடுங்க, சூடு பண்ணுங்க, உடம்புப் பிரஷரைத் தூக்கிப் பிடிங்க, அதுக்கும் அடங்கலைன்னா நுரையீரல் ரத்தக் குழாயை விரிக்கிற நைட்ரிக் ஆக்சைடு வாயு 20 பிபிஎம். ஆனா ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் (இதயத்தோட இடது பக்கம் சரியா வளராத நிலை) குழந்தைன்னா கதையே வேற, அங்க ஆக்சிஜனை அள்ளிக் குடுத்தா ரத்தம் பூரா நுரையீரலுக்கு ஓடிடும், உடம்புக்கு மிஞ்சாது. டக்டஸை நம்பி இருக்கிற குழந்தைக்கு ஓடுற புரோஸ்டாகிளாண்டினை, அதாவது டக்டஸைத் திறந்தே வைக்கிற மருந்தை, டிரான்ஸ்போர்ட்ல கூட நிறுத்தவே கூடாது.

ரத்தக் கணக்கு ரொம்ப முக்கியம். 3 கிலோ குழந்தைக்கு மொத்தமே சுமார் 250 எம்எல்தான், ரத்தத்துல நனைஞ்ச காஸ் துணியில 25 எம்எல் போயிருந்தா பத்துல ஒரு பங்கு போயாச்சு, அதனால காஸை எடை போடுங்க, சக்ஷன் பாட்டிலை மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. ரத்த வால்யூம் கம்மின்னு தெரிஞ்சா கிலோவுக்கு 10 எம்எல் திரவமோ ரத்தமோ, சிரிஞ்ச்ல எடுத்துக் குடுங்க, டிரிப்பைத் திறந்து விட்டா எவ்வளவு போச்சுன்னே தெரியாது. பேங்க் ரத்தத்தை வேகமா ஏத்தினா அது உறையாம இருக்கச் சேர்த்திருக்கிற சிட்ரேட் கால்சியத்தை இறக்கிடும், இந்த இதயம் சுருங்கவே ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைத்தான் நம்பியிருக்கு, அயனைஸ்டு கால்சியமும் பொட்டாசியமும் பாத்துக்கிட்டே இருங்க. ஆங்... லைன்ல ஒரு சின்ன காத்துக் குமிழி கூட இருக்கக் கூடாது, ஷன்ட் வழியா நேரா மூளைக்கே போயிடும், லைனோட ஒவ்வொரு த்ரீ-வே இணைப்பையும் தட்டிப் பாத்துட்டு மாட்டுங்க.