தெரிந்த ஆளை நம்பித் திட்டுக்குப் போகாதீர்கள்

கடலூர்ப் பக்கம் லீவுக்கு வருகிறவர்கள் பிச்சாவரம் பார்க்காமல் திரும்புவதில்லை. சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் சுற்றிவர ஒரு தொல்லையும் கிடையாது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள். வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.

தண்ணீருக்கு நடுவே மேடாக நிற்கும் திட்டில் இறங்குவது வேறு கதை. எம்.ஜி.ஆர். திட்டு போன்ற இடங்களில் மீனவர்கள் குடியிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிழைத்தவர்களைக் கரைப்பக்கம் குடியமர்த்தினார்கள். சுற்றிலும் காப்புக்காடு, 2022-இல் ராம்சார் என்கிற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் ஈரநிலமாகவும் சேர்ந்துவிட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது.

எங்கள் பெரியப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. "திட்டுல இருக்கிற அம்மனுக்குப் படையல் வைக்காம எப்படிப்பா பாரிசுக்குத் திரும்புவ? எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, ஒரு போன் போதும்." கடலூர் முதுநகரிலிருந்து வேன் பேசினார். அத்தை, அத்தையின் சம்பந்தி, சம்பந்தி வீட்டுக்கு எதிர்வீட்டம்மா, பொங்கல் பானை, கால் கட்டிய சேவல். செலவு என்னுடையது. படகுத்துறையில் தெரிந்த ஆளின் போன் சுவிட்ச் ஆஃப். எழுத்தில் அனுமதி எங்கே என்று கேட்டார்கள். பெரியப்பா என்னை முன்னால் தள்ளி, "தம்பி பிரான்ஸ் பாஸ்போர்ட்டு, காட்டுப்பா" என்றார். காட்டினேன். அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. வெயில் ஏறியது, சேவல் கத்தியது, எதிர்வீட்டம்மா மயக்கம் வருகிறது என்றார். கடைசியில் பெரியப்பா என்மேலேயே பாய்ந்தார்: "அலை வந்தப்ப நீ எங்க இருந்த? டிவியிலதானே பாத்த?"

டிவியில்தான் பார்த்தேன். வேன் வாடகையைக் கொடுத்தேன்.

ஆகவே, சாமி காரியம் என்றால் முதலில் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் பேசுங்கள். மீனவ ஊர்களில் அவர் காதில் போடாமல் எதுவும் நகராது. அப்புறம் வனத்துறைக்கு எழுத்தில் மனு, விமானம் ஏறுவதற்கு முன்பே. வருகிறவர்கள் எல்லார் பெயரும் அதில் இருக்கட்டும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பதில் கைக்கு வந்தபிறகு வேன் பேசலாம். சேவலுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கித் தந்த மரம் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும்.

அனுமதி கிடைக்காவிட்டால், டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள். கடலில் பால் ஊற்றி அழுகிறவர்களோடு நீங்களும் நிற்கலாம், யாரும் கடிதம் கேட்கமாட்டார்கள். லீவை அதற்குத் தோதாக எடுங்கள். பெரியப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே வேன் பேசிவிடுவார்.