சார்காய்டோசிஸ்: கூடவே வரும் நோய்களில் நாம் செய்யும் தவறுகள்

சார்காய்டோசிஸ் என்பது நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடித் திரண்டு உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கும் நோய். அந்தப் பெயர் எழுதிய ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லோரும் நுரையீரலைப் பற்றித்தான் கேட்கிறோம். நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், சரி. ஆனால் கிரானுலோமா என்கிற சின்னச் சின்ன அணுத்திரள்கள் கண், இதயம், தோல், ஈரல், நரம்பு என்று எங்கே வேண்டுமானாலும் உட்காரும். இதற்குச் சாப்பிடும் மருந்தும், பெரும்பாலும் ஸ்டீராய்டு, தன் பங்குக்குச் சிலவற்றைக் கூட்டிவரும். ஆளைப் படுத்துவது பல நேரம் இந்தக் கூட வரும் தொல்லைகள்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது வைட்டமின் டி. என் அக்காவுக்குச் சார்காய்டோசிஸ். உடம்பெல்லாம் வலி என்று அவள் ஒரு மருத்துவரிடம் போனாள். பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், தினம் ஒரு கால்சியம் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பாக்கெட்டைக் கிழித்துப் பாலில் கலக்கிக் கொடுத்தது நான்தான். ஆறாவது வாரம் அடங்காத தாகம், மலச்சிக்கல், குமட்டல், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர். ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 12.6 மில்லிகிராம். சாதாரணமாக அது 10.5-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது வழக்கமாகச் சிறுநீரகத்தின் வேலை. போதும் என்றால் அது நிறுத்திக்கொள்ளும். கிரானுலோமாவில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களிடமும் அதே நொதி உண்டு, ஆனால் அவற்றுக்கு நிறுத்தத் தெரியாது. கிடைப்பதையெல்லாம் மாற்றித் தள்ளும். அதனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் சேமிப்பு வடிவமான 25 ஹைட்ராக்ஸி அளவு குறைவாகத் தெரியும்; செயல்படும் 1,25 டைஹைட்ராக்ஸி அளவோ கூடுதலாக இருக்கும். குடல் கால்சியத்தை அள்ளி உறிஞ்சும், மிஞ்சியது சிறுநீரில் இறங்கிக் கல்லாகும். வெயிலில் அதிகம் இருந்தாலே சிலருக்குக் கால்சியம் ஏறிவிடும்.

ஆகவே பாக்கெட்டைத் தொடங்கும் முன் இரண்டு வடிவங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக் கால்சியம், கிரியேட்டினின், 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் இவையும் வேண்டும். வைட்டமின் டியே கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டு எலும்பை அரிப்பதால் சிலருக்கு அது தேவைப்படும். அளவையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்பதையும் சார்காய்டோசிஸைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்தது சுகர். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். காலையில் போட்ட பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சுகரை ஏற்றுவது மதியமும் மாலையும்தான், விடிவதற்குள் இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். இன்னொன்று, சுகர் ஏறுகிறதே, முகம் வீங்குகிறதே என்று பயந்து ஸ்டீராய்டைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கண் சிவந்தால் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வது நம் பழக்கம். இது யூவியைடிஸ் என்ற உள்கண் அழற்சியாக இருக்கலாம். சிவப்பும் வலியும் இல்லாமலேயே அது பார்வையைத் தின்னும் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் நோய் உறுதியானவுடன் ஒருமுறை கண் மருத்துவரிடம் ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் கண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

படபடப்பை "டென்ஷன்" என்று ஒதுக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. இதயத்தின் மின்பாதையில் கிரானுலோமா உட்கார்ந்தால் துடிப்பு தடைபடும், தாறுமாறாகும். தலை சுற்றி விழுந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஈசிஜியோடு நிறுத்தாமல் ஹோல்டர் (ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் கருவி), எக்கோ, தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐ வரை போக வேண்டும். நுரையீரல் சோதனை முன்புபோலவே இருந்தும் மூச்சிரைப்பு கூடினால், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்றும் எக்கோவில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சோர்வு. எக்ஸ்ரே தெளிவாகிவிட்டது, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறாய் என்று வீட்டில் கேட்பது மிகவும் வலிக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள். நோய் அடங்கிய பிறகும் சோர்வு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். அதே சமயம் எல்லாவற்றையும் சார்காய்டோசிஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு, மனச்சோர்வு, ஸ்டீராய்டால் எடை ஏறி வந்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் பின்னால் இருக்கலாம். இவற்றுக்குத் தனி வைத்தியம் உண்டு. பாதம் எரிகிறது, நரம்புச் சோதனை நார்மல் என்றால் அது கற்பனை இல்லை. அந்தச் சோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் பார்க்கும். பாதிக்கப்பட்டிருப்பது நுண்ணிழைகளாக இருக்கலாம்.

நம் ஊரில் காசநோயையும் மறக்க முடியாது. இரண்டிலும் கிரானுலோமா உண்டு, எக்ஸ்ரேயும் குழப்பும். ஸ்டீராய்டோ, நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசியோ தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அக்கா இப்போது பல் டாக்டரிடம் போனாலும் ஃபைலை எடுத்துப் போகிறாள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: "சார்காய்டோசிஸ் உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். கேட்காமல் வைட்டமின் டி, கால்சியம் எழுத வேண்டாம்."