கிளட்ச் ஸ்லிப்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பே நாம் செய்யும் தப்புகள்

பட்டறைக்குப் போய் "வண்டி இழுக்கலை" என்று மொட்டையாகச் சொல்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. பிக்கப் ஓட்டுகிறவர்கள் மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கு இந்த ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் ஏறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். ஆர்பிஎம்மே ஏறாமல் இன்ஜின் திணறினால் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள், டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கசிவு, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என்று வேறு பக்கம் தேட வேண்டும். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அது கியர்பாக்ஸ், கியர் ராட் அல்லது மவுண்டிங் பிரச்சினை, அதற்குக் கிளட்ச் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்த தப்பு யூடியூப். அமெரிக்கக்காரர்கள் பிக்கப் ஸ்லிப் ஆகிறது என்று போடும் வீடியோக்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பற்றியவை. அதில் ஆயில்தான் பிரஷர் கொடுத்து உள்ளே இருக்கும் கிளட்சுகளைப் பிடிக்க வைக்கிறது, அதனால் அவர்கள் முதலில் ஆயில் அளவைப் பார்ப்பது சரி. நம் ஊரில் லோடு அடிக்கிற பிக்கப்புகள் அநேகமாக எல்லாமே மேனுவல், இன்ஜின் சுழற்சியைப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற கிளட்ச் பிளேட் ஆயில் படாத உலர்ந்த இடத்தில் இருக்கிறது. கியர் ஆயிலை மாற்றினாலும் சரி, கெட்டியான ஆயில் ஊற்றினாலும் சரி, ஸ்லிப் நிற்காது. ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி வண்டியை ஆட்டோமேட்டிக்கில் வைத்திருந்தால் கதை வேறு: ஆயில் அளவு, கருகிய வாடை, ஸ்கேனரில் வரும் கோட், இதையெல்லாம் பார்க்காமல் பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்.

சரி, ஸ்லிப்தானா என்று எப்படி உறுதி செய்வது? நேரான, ஆளில்லாத ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள், லோடு இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முள் மட்டும் துள்ளி ஏறினால் சந்தேகமே வேண்டாம். நிற்க வைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் ஆஃப் ஆகிறதா என்றும் பார்க்கலாம், ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப்தான், ஆனால் ஒரு தடவை போதும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்து காட்டினால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

உறுதியானதும் உடனே "கிளட்ச் செட்டையே மாத்திடலாம்" என்று கியர்பாக்ஸை இறக்குகிறார்களே, அங்கேதான் நிறுத்த வேண்டும். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், மேலே கொஞ்சம் லூசாக அசைந்துவிட்டுத்தான் கனம் வர வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த லூஸ் குறைந்துகொண்டே வரும், சுத்தமாக இல்லாமல் போனால் நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிப்பது) பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிப்பது) அழுத்திக்கொண்டே இருக்கும். அட்ஜஸ்ட் நட்டைத் திருகினாலே சரியான வண்டிகள் உண்டு. கேபிளுக்குப் பதில் ஆயில் பிரஷரால் இயங்கும் ஹைட்ராலிக் என்றால், ஸ்லிப் ஆகிற சமயத்தில் கீழே கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடரை (ஏர் எடுக்கிற திருகு) சற்றுத் திறக்கச் சொல்லுங்கள். பீய்ச்சிக்கொண்டு ஆயில் வந்து, அதன் பிறகு கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தால் குற்றவாளி பிளேட் இல்லை, பிரஷர் திரும்பிப் போகாமல் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலோ ஹோஸிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. (அப்புறம் ஏர் எடுக்க மறக்காதீர்கள்.) கிளட்ச் ஆயில் டப்பாவில் பிரேக் ஆயிலுக்குப் பதில் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிப்போய் இதே கோளாறைக் கொண்டுவரும்.

நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. கொல்லிமலை ஏற்றத்தில், அந்த 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாமல் கருகிய நாற்றம் அடித்து நின்றது வண்டி. புது செட் போட்டோம். இரண்டே மாதத்தில் திரும்ப அதே ஸ்லிப். இறக்கிப் பார்த்தால் பிளேட் முழுக்க கறுப்பு ஆயில், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் ஒழுகியிருக்கிறது, முதல் தடவை பழைய பிளேட்டிலும் ஆயில் பிசுக்கு இருந்ததை நானும் பார்த்தேன், மெக்கானிக்கும் பார்த்தார், அது எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்கவில்லை. சில நூறு ரூபாய் சீலுக்காக இரண்டாவது முறை கியர்பாக்ஸ் இறக்கும் கூலி. கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கெட்டியாக கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸ் முன் சீல் வழியாக வந்த கியர் ஆயில். எதுவானாலும் அந்த சீலை மாற்றாமல் மேலே ஏற்ற விடாதீர்கள்.

இறக்கியது இறக்கியாச்சு, பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். ஃபிளைவீலில் (பிளேட் ஒட்டிப் பிடிக்கிற இன்ஜின் சக்கரம்) நீலத் திட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள், லேத்தில் அதன் முகத்தைச் சீவிச் சமப்படுத்துவதற்கும் ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டினால் புதுசுதான். மாட்டும்போது பிளேட்டின் ஃபிளைவீல் பக்கம் மாறக்கூடாது, கிரீஸ் பட்ட கை பிளேட்டில் படக்கூடாது, கியர்பாக்ஸின் கனம் பிளேட்டின் நடுவில் தொங்கக்கூடாது, ஜாக்கி இல்லாமல் இரண்டு பேர் தூக்கி இடித்து ஏற்றுகிற இடத்தில் இது அடிக்கடி நடக்கும்.

வண்டி வெளியே வந்த அன்றைக்கே ஓவர்லோடு ஏற்றி மலைக்கு அனுப்பாதீர்கள், ஒரு 500 கிலோமீட்டராவது லேசான லோடில் ஓட்டினால்தான் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிப் பழகும். ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற டிரைவர் என்றால் அந்த 500 கிலோமீட்டருக்காவது சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.