யுனிவர்சிட்டி ஆபீஸுக்கு ஹைப்ரிட் வேலை பிளான் போடுறது எப்படி (பீரோ சாவிய மறக்காம)

வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பாக்கலாம்னு சர்க்குலர் வந்ததும் எல்லாரும் காலண்டரத் தூக்கிட்டு உனக்கு திங்கள் எனக்கு வெள்ளினு உக்காந்துருவாங்க, பிளான் கெட்டுப்போறதே அங்கதான். நான் ராம்நாடு கடற்கரையோரம் ஒரு யுனிவர்சிட்டி வளாகத்துல சூப்பிரண்டு, முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன், பட்டேன். புதுசா பண்றவங்களுக்காக இது.

ஸ்டெப் 1: ஆள எழுதாதீங்க, வேலைய எழுதுங்க

ஒரு வாரம் ஒவ்வொரு டேபிள்லயும் என்ன நடக்குதுனு நோட்டுல குறிச்சு வைங்க. அக்கவுண்ட்ஸ்னா பில் சரிபாக்குறது, பட்ஜெட் ஷீட், வவுச்சர், ஃபீஸ் கவுண்டர். முதல் ரெண்டையும் வீட்ல பாக்கலாம், பின்னது ரெண்டும் முடியாது. ஆக "அக்கவுண்ட்ஸ்காரருக்கு ஹைப்ரிட் உண்டா இல்லையா"ங்கிற கேள்வியே தப்பு. கொஸ்டின் பேப்பர் சம்பந்தப்பட்டது எதுவும் வீட்டுக்குப் போகக்கூடாது, இதுல பேச்சே இல்ல. லேப்ல கடல்தண்ணி தொட்டிக்கு ஏர் போற பம்ப் நின்னா மீன் செத்துரும், அதனால அங்க ஞாயித்துக்கிழமையும் ஆள் வேணும்.

சீசனையும் சேத்து எழுதுங்க, வெளியூர் மாதிரிய காப்பி அடிச்சா இது வராது. ஏப்ரல் 15 டு ஜூன் 14, 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அதுல வர்ற மீன்ல சாம்பிள் எடுக்குற தம்பிக்கு கரையில வேலை கம்மி, அப்ப டேட்டா என்ட்ரிய வீட்லயே முடிச்சுக்கட்டும். தடை முடிஞ்சு படகு போனா அவருக்கு வீட்டு நாளே கிடையாது.

ஸ்டெப் 2: சாவி, சீல், பாஸ்வேர்டு

இத விட்டதுலதான் எனக்கு அடி. தனுஷ்கோடி ரோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு போனஃபைடு சர்டிபிகேட்டுக்கு அம்மாவோட வந்துச்சு, ஸ்காலர்ஷிப்புக்கு அன்னிக்குதான் கடைசி நாள். லெட்டர் ரெடி, கையெழுத்தும் ஆச்சு, ரவுண்டு சீல் மட்டும் பீரோவுக்குள்ள, சாவி தங்கச்சிமடத்துல கிளார்க் வீட்டு ஆணியில. அந்தம்மா மீன் கூடைய யார்கிட்டயோ விட்டுட்டு வந்தவங்க, ஒண்ணும் பேசல, வராண்டாவுல உக்காந்தே இருந்தாங்க. சாவி பைக்ல வந்து சேர நாலு மணி ஆச்சு.

அதுனால ஒவ்வொரு பீரோவுக்கும் ரெண்டு சாவி, ரெண்டு பேர், அந்த ரெண்டு பேருக்கும் ஒரே நாள் வீட்டு நாளா வரக்கூடாது. வீட்ல பாக்குறவருக்கு ஆபீஸ் லேப்டாப்பும் தனி லாகினும் குடுங்க, பாஸ்வேர்ட வாட்ஸப்ல அனுப்புறத நிறுத்துங்க.

ஸ்டெப் 3: நாளும் நேரமும்

புதன்கிழமை எல்லாரும் ஆபீஸ், மீட்டிங் எல்லாம் அன்னிக்கே. மத்த நாள்ல 11 டு 3 எல்லாரும் போன எடுக்கணும், வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மாவுக்காக அத காலையில தள்ளி வைங்க. ராமேஸ்வரம் தீவுல இருந்து வர்றவங்கள நெனச்சுப் பாருங்க, 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்குற வரைக்கும் அவங்களுக்கு ரோடு மட்டும்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசைனா இப்பவும் ரோடு அடைச்சுக்கும். 9ல இருந்து 10.30 வரைக்கும் எப்ப வந்தாலும் சரி, சாயங்காலம் அந்த நேரத்த ஈடு பண்ணிட்டுப் போங்கனு விட்டுட்டா பாதி பிரச்சனை தீந்துரும்.

அட்டெண்டர், வாட்ச்மேன், துப்புரவு வேலை பாக்குறவங்களுக்கு வீட்டு நாள் குடுக்க வழி இல்ல. அவங்களுக்கு ஷிப்ட் மாத்திக்கிற உரிமைய அதே ஆர்டர்லயே எழுதுங்க, தனி ஆர்டர்னா அது வரவே வராது.

ஸ்டெப் 4: மழை நாள்

2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கா, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி மழையில கரண்டும் டவரும் போயிட்டா வீட்ல இருந்து என்னத்த பாக்குறது? ஆன்லைன்ல வரலனா லீவுனு போட்டுறாதீங்க, அன்னிக்கான வேலைய அப்புறம் முடிக்க மூணு நாள் டைம் குடுங்க. காலையில 7 மணிக்குள்ள யார் முடிவு சொல்றதுங்கிறதையும் ஒருத்தர் பொறுப்புல எழுதி வைங்க.

ஸ்டெப் 5: ஆறு வாரம் ட்ரையல்

அக்டோபர்ல ஆரம்பிக்காதீங்க, மழையில எது பிளானோட தப்புனே தெரியாது. ஜனவரி நல்லது. யார் பேருக்குப் பக்கத்துல ஆன்லைன்ல இருக்காங்கனு பச்சை லைட் எரியுதுனு எண்ணாம, ஃபைல் எத்தனை நாள் கிடக்குது, கவுண்டர்ல எத்தனை பசங்க வேலை முடியாம திரும்புறாங்கனு எண்ணுங்க. ரிஜிஸ்ட்ராருக்கு நோட் போடும்போது ட்ரையல் முடியுற தேதிய கட்டாயம் போடுங்க, சாவி லிஸ்ட்ட பின்னாடி இணைச்சுருங்க.