தனியே வாழும் பெற்றோரின் தனிமையைக் குறைப்பது எப்படி?

துணையை இழந்து சொந்த ஊரில் தனியே வாழும் தாய்க்கோ தந்தைக்கோ பணமும் மாத்திரையும் மாதந்தோறும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று, வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் பலர் நினைக்கிறோம். தனிமையும் உடம்பைக் கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய் ஆகியவற்றுக்கான அபாயத்தை அது கூட்டுகிறது. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வொன்று, உறவும் நட்பும் வலுவாக உள்ளோர் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம் என்று கண்டது.

ஊருக்குப் போனால் முதலில் அடுக்களையைப் பாருங்கள். என் தாயார் ஒரு நாள் வைத்த ரசத்தை மூன்று நாள் சுடவைத்துச் சாப்பிட்டதைச் சிக்கனம் என்றே நான் நினைத்திருந்தேன்; “ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கணும்?” என்று அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது.

அடுத்தது காது. கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தவிர்ப்பவருக்குப் பேச்சு சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கேட்காததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தொலைபேசியில் “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு நிறுத்தாதீர்கள். வத்தக்குழம்பின் பக்குவத்தையோ, தாத்தாவின் பங்காளிகள் யார் யார் என்பதையோ கேளுங்கள். தம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஏதோ இருக்கிறது என்று உணரும்போது அவர்கள் குரலே மாறிவிடும்.

ஆயினும் தொலைவிலிருந்து வரும் குரல் பக்கத்துத் திண்ணைக்கு ஈடாகாது. கோயிலுக்குப் பூக்கட்டுவது, அண்டை வீட்டுக் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவது என, அவர் வராவிட்டால் நாலு பேர் தேடும்படியான ஒரு வேலையை அந்த ஊரிலேயே அமைத்துக் கொடுங்கள். நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு அவசரப்பட்டு அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பூட்டிய கதவுக்குள் பகல் முழுதும் இருப்பது இன்னும் கொடிய தனிமை.

தூக்கம் கெட்டு, “இருந்து என்ன பயன்” என்று பேசத் தொடங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய இலவச எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்தருகே ஒட்டிவிட்டு வாருங்கள்.