அக்கிக்கு மாத்திரை முதல்ல, அக்குபங்சர் அடுத்து: அமெரிக்காவுல கம்யூனிட்டி அக்குபங்சர் கிளினிக் போறவங்களுக்கு

உடம்புல ஒரே பக்கமா, விலாவிலயோ முதுகுலயோ இடுப்பைச் சுத்தியோ, தீப்பட்ட மாதிரி எரியுது, சட்டை உரசினாக்கூட தாங்க முடியல, ரெண்டு மூணு நாள்ல அதே இடத்துல கொத்துக் கொத்தா நீர்க்கொப்புளம் வருதுன்னா அது பெரும்பாலும் ஷிங்கிள்ஸ்தான், நம்ம ஊர்ல அக்கின்னு சொல்றோமே அது. இதுக்கு அக்குபங்சர் போகலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, போகலாம், ஆனா வரிசை மாறக்கூடாது. முதல்ல டாக்டர், வைரஸை அடக்கற ஆன்டிவைரல் மாத்திரை, அதுக்கப்புறம்தான் அக்குபங்சர். கொப்புளம் தெரிய ஆரம்பிச்சு 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் முழு பலன், அந்த மூணு நாளை ஊசி குத்திப் பாக்கலாம், எண்ணெய் தடவிப் பாக்கலாம்னு கடத்திடாதீங்க ப்ளீஸ்.

இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இங்க நம்ம ஆளுங்கள்ல அக்கி வர்றவங்கள்ல விசிட்டர் விசால வந்திருக்கற அப்பா அம்மாவும் உண்டு, 60 வயசு தாண்டியிருக்கும், சுகர் இருக்கும், பயண இன்சூரன்ஸ் எதைக் கவர் பண்ணும் எதைப் பண்ணாதுன்னு புரியாது, "அர்ஜென்ட் கேர் போனா எவ்வளவு பில் வருமோ, ரெண்டு நாள் பாப்போம் தம்பி"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. அந்த ரெண்டு நாள்தான் முக்கியமான நாள். அர்ஜென்ட் கேருக்கு (அப்பாயின்ட்மென்ட் இல்லாம போகற கிளினிக்) போங்க, இல்லன்னா வீடியோ கால்ல டாக்டரைப் பாருங்க, கொப்புளத்தை கேமராவுல காட்டினாலே நிறைய டாக்டருங்க கண்டுபிடிச்சுடுவாங்க. மாத்திரை எல்லாம் ஜெனரிக்காவே கிடைக்குது, இன்சூரன்ஸ் இல்லாட்டியும் மருந்துக்கடை டிஸ்கவுன்ட் கூப்பன் போட்டா விலை நல்லா குறையும். வழக்கமா குடுக்கறது வாலசைக்ளோவிர் 1 கிராம் ஒரு நாளைக்கு 3 வேளை 7 நாள், இல்லன்னா அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு 5 வேளை 7ல இருந்து 10 நாள். கிட்னி சரியில்லாதவங்களுக்கு இந்த அளவைக் குறைக்கணும், அதனால சுகர், பிரஷர் ரொம்ப நாளா இருக்கறவங்க கடைசியா எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு பேசுங்க, மாத்திரை சாப்பிடுற நாளெல்லாம் தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க.

சில இடத்துல வந்தா அர்ஜென்ட் கேர் கூட வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கே போயிடணும். நெத்தியில, கண்ணைச் சுத்தி, குறிப்பா மூக்கு நுனியில கொப்புளம் வந்தா கண்ணுக்குப் போற அதே நரம்புலதான் வைரஸ் இருக்குன்னு அர்த்தம், பார்வைக்கே ஆபத்து. காதுக்குள்ள கொப்புளம் வந்து அந்தப் பக்கம் முகம் கோணினாலும் அதேதான். கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாத்தினவங்க, உடம்பு முழுக்க பரவிட்டவங்க, தலைவலியோட கழுத்து விறைச்சுப்போனவங்க, இவங்க யாரும் வீட்ல உட்காந்திருக்கக்கூடாது. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுல இடது பக்கம் வலி மட்டும் வந்துச்சுன்னா அதை அக்கியாத்தான் இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, ஹார்ட்டை செக் பண்ணிட்டுத்தான் மத்தது.

இது ஏன் வருதுன்னா, சின்ன வயசுல சின்னம்மை வந்துபோச்சுல்ல, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகவே இல்ல, முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சுகள்ல சத்தமில்லாம கிடக்குது. வயசாகி எதிர்ப்பு சக்தி இறங்கும்போது ஒரு முடிச்சுல இருந்து கிளம்பி அந்த ஒரு நரம்பு வழியாவே தோலுக்கு வருது, அதனாலதான் பட்டையா ஒரு பக்கத்துல மட்டும் வந்து நடுக்கோட்டுல நின்னுடுது. அமெரிக்காவுல மூணு பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஒருதடவையாவது இது வருதுன்னு அமெரிக்க அரசோட நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லுது. கொப்புளம் 7ல இருந்து 10 நாள்ல காய்ஞ்சு பொருக்கு கட்டும், தோல் முழுசா ஆற ரெண்டுல இருந்து நாலு வாரம். ஆனா நரம்புல பட்ட அடி சிலருக்கு அதோட போறதில்ல, பொருக்கு உதிர்ந்த பிறகும் மாசக்கணக்கா எரியும், அந்த வலிக்குத்தான் பயப்படணும்.

ஊர்ல இருந்து வந்த பெரியவங்க அக்கி எழுதணும்னு கேப்பாங்க, குயவர் வீட்ல காவி மண்ணைக் குழைச்சு சுத்தி எழுதிவிடறது. அவங்க நம்பிக்கையை கேலி பண்ணாதீங்க, அந்த ஈரமண்ணு குளிர்ச்சியா இருக்கறது எரிச்சலுக்கு இதமாத்தான் இருந்திருக்கும், ஆனா வைரஸை அது தொடாது, உடைஞ்ச கொப்புளத்து மேல மண்ணு பட்டா சீழ் வைக்கும். பதிலுக்கு சுத்தமான துணியை குளிர்ந்த தண்ணியில நனைச்சு வைங்க, கேலமைன் லோஷன் போடுங்க, தளர்வான காட்டன் சட்டை, ஒட்டாத பேண்டேஜ். குளிக்கலாம், சோப்பும் தண்ணியும் பட்டா ஒண்ணும் ஆகாது, கொப்புளத்தை மட்டும் உடைக்காதீங்க.

சரி, மாத்திரை ஆரம்பிச்சாச்சு, வலி விடல, ராத்திரி தூக்கம் இல்ல, இப்ப கம்யூனிட்டி அக்குபங்சர் கிளினிக். வழக்கமான அக்குபங்சர் கிளினிக்ல தனி ரூம், தனி டேபிள், ஒரு தடவைக்கே 100 டாலர் தாண்டும். இங்க அப்படி இல்ல, ஒரே பெரிய ஹால்ல வரிசையா சாய்வு நாற்காலி, பத்து பேர் ஒண்ணா சாஞ்சிருப்பாங்க, பீஸ் உங்களால முடிஞ்ச அளவு, ஒரு குறைஞ்ச தொகைக்கும் அதிக தொகைக்கும் நடுவுல நீங்களே முடிவு பண்ணலாம், சம்பள சீட்டு யாரும் கேக்க மாட்டாங்க. இதுக்குப் பின்னாடி பெரிய கதை உண்டு, 1970ல நியூயார்க் சவுத் பிராங்ஸ் லிங்கன் ஹாஸ்பிடல்ல பிளாக் பாந்தர்கள்ங்கற கறுப்பின உரிமை அமைப்பும் யங் லார்ட்ஸ்ங்கற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பும் போராடி ஆரம்பிச்ச போதை மீட்பு மையத்துல, எல்லாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து காதுல 5 ஊசி போட்டுக்கற முறை வளர்ந்துச்சு, அப்புறம் 2002ல ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்துல லிசா ரோலெடரும் ஸ்கிப் வான் மீட்டரும் வொர்க்கிங் கிளாஸ் அக்குபங்சர்னு ஒரு கிளினிக் திறந்தாங்க, அதைப் பாத்து நாடு முழுக்க இந்த மாதிரி கிளினிக் வந்துச்சு. அக்கி வலிக்கு இந்த குறைஞ்ச பீஸ்தான் ரொம்ப முக்கியம், ஏன்னா வலி உச்சத்துல இருக்கும்போது வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வரச் சொல்வாங்க, 100 டாலர் குடுத்து அப்படிப் போக யாரால முடியும்.

போறதுக்கு முன்னாடி கட்டாயம் போன் பண்ணுங்க. "ஷிங்கிள்ஸ் இருக்கு, இந்த இடத்துல இருக்கு, மாத்திரை இந்தத் தேதியில ஆரம்பிச்சோம்"னு சொல்லிடுங்க. ஏன்னா அது பொது ஹால், பக்கத்து நாற்காலியில கர்ப்பிணி இருக்கலாம், கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க இருக்கலாம். கொப்புளத்து நீர் பட்டா சின்னம்மை வராதவங்களுக்கு சின்னம்மை வரலாம், அக்கியா தொத்தாது. பேண்டேஜும் சட்டையும் போட்டு முழுசா மூட முடியற இடம்னா நிறைய கிளினிக்ல வாங்கன்னு சொல்லிடுவாங்க, முகம் மாதிரி மூட முடியாத இடம்னா எல்லாம் பொருக்கு கட்டின பிறகு போங்க, அதுதான் நியாயம்.

போற அன்னிக்கு வெறும் வயித்துல போகாதீங்க, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போங்க, இல்லன்னா தலை சுத்தும், சுகர் மாத்திரை போடறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கையை முட்டி வரைக்கும், காலை முழங்கால் வரைக்கும் சுருட்ட முடியற டிரஸ் போதும், அம்மாவுக்கு சட்டையைக் கழட்டணுமோன்னு கூச்சம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, அதெல்லாம் வேண்டியதே இல்ல. சாப்பிடற எல்லா மருந்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்களா, பேஸ்மேக்கர் இருக்கா, சுகரால கால் மரத்துப்போயிருக்கா, இந்த மூணையும் வாயாலயும் சொல்லுங்க. இங்கிலீஷ் பேச கஷ்டப்படறவங்கன்னா கூடப் போறவங்க முன்கூட்டியே பேசி வச்சுடுங்க, உள்ள எல்லாரும் கிசுகிசுன்னுதான் பேசுவாங்க, பாதி பேர் தூங்கிட்டு இருப்பாங்க.

வலிக்கற இடத்துலயே குத்துவாங்களோன்னுதான் எல்லாருக்கும் பயம். கொப்புளத்து மேலயும் உடைஞ்ச தோல்லயும் குத்தவே கூடாது, அப்படிக் குத்த வந்தா வேண்டாம்னு எழுந்துடுங்க. கம்யூனிட்டி கிளினிக்ல பெரும்பாலும் தூரத்துப் புள்ளிகள்தான், இடது விலாவுல வலின்னா வலது கை, வலது கால்னு எதிர்ப்பக்கம் போடுவாங்க, அப்புறம் காது. விலா வலிக்குன்னு சீன முறையில ரொம்ப நாளா ஜோடியா போடற ரெண்டு புள்ளி இருக்கு, ஒண்ணு முன்கையோட வெளிப்பக்கம் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, இன்னொண்ணு முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம், அக்கி விலாவுல இருந்தா அனேகமா இந்த ரெண்டும் இருக்கும். ஊசி முடி மாதிரி மெல்லிசு, ஒருதடவை போட்டதும் தூக்கிப் போட்டுடணும், 1996ல எஃப்டிஏ (அமெரிக்க அரசோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) கொண்டுவந்த விதிப்படி பாக்கெட்லயே அப்படிப் போட்டிருக்கணும், சீல் உடைக்கறதை உங்க கண்ணு முன்னாடி பாருங்க. மாநில லைசென்ஸ் சுவத்துல மாட்டியிருக்கான்னும் பாருங்க. போட்டுட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் அப்படியே சாஞ்சிருக்க வேண்டியதுதான், போதும்னு தோணினா கண்ணால கூப்பிட்டா வந்து எடுத்துடுவாங்க. சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருந்து போகவே இல்லன்னா பொறுத்துக்கிட்டு உட்காராதீங்க, சொல்லுங்க, மாத்திப் போடுவாங்க.

என்ன எதிர்பார்க்கலாம்? வைரஸைக் கொல்லும், அக்கியை குணமாக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நரம்பு வலிக்கு அக்குபங்சர் பத்தி 2017ல காக்ரேன்னு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து முடிவு சொல்ற அமைப்போட ஆய்வுத்தொகுப்பு வந்துச்சு, வேலை செய்யுதுன்னோ செய்யலன்னோ சொல்ற அளவுக்கு ஆதாரம் போதலன்னுதான் அதுல முடிவு. ஆனா நல்லா கையாண்டா ஆபத்து குறைவு, ஒரு மணி நேரம் அமைதியா சாஞ்சிருக்கறதே வலியில துவண்டவங்களுக்குப் பெரிய விஷயம், எங்க அத்தைக்கு முதல்ல திரும்பி வந்தது தூக்கம்தான், வலி அதுக்கப்புறம்தான் மெல்ல இறங்குச்சு. நாலஞ்சு தடவை போயும் தூக்கத்துலயோ வலியிலயோ ஒரு மாத்தமும் இல்லன்னா காசை அங்க செலவழிக்காதீங்க.

மூணு மாசம் தாண்டியும் வலி இருந்தா அது தனி வியாதியாவே பாக்க வேண்டியது, அதுக்கு கேபாபென்டின், பிரிகாபலின், நார்ட்ரிப்டிலின்னு மாத்திரை இருக்கு, லிடோகெய்ன் பேட்ச் இருக்கு. அக்குபங்சர் கூடவே இதையும் எடுக்கலாம், டாக்டருக்கும் அக்குபங்சர்காரங்களுக்கும் ரெண்டையும் சொல்லிடுங்க. கேபாபென்டின், பிரிகாபலின் ரெண்டுமே வயசானவங்களுக்கு தள்ளாட்டம் குடுக்கும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துடாம பாத்துக்கங்க, லைட் போட்டு வைங்க.

பொண்ணோட பிரசவத்துக்கு வந்த அம்மாவுக்கு அக்கி வந்தா இன்னும் ஒரு வேலை இருக்கு. வெப்ப நாடுகள்ல சின்னம்மை லேட்டாத்தான் வரும், அதனால நம்ம ஊர்ல வளர்ந்த நிறைய பொண்ணுங்களுக்கு சின்னம்மை வந்திருக்காது, தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டாங்க. மகப்பேறு டாக்டருக்கு அன்னிக்கே போன் பண்ணி ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, இல்லன்னா வேரிசிக்னு ஒரு ஆன்டிபாடி ஊசி இருக்கு, 10 நாளுக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பொருக்கு கட்டற வரைக்கும் அம்மா தனி துண்டு வச்சுக்கட்டும், கொப்புளத்தை மூடியே வைக்கட்டும், பச்சைக்குழந்தையைத் தூக்கறதைத் தள்ளிப் போடட்டும், அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு தெரியும், இருந்தாலும்.

அக்கி ஆறின பிறகு தடுப்பூசி போடலாம், ஒருதடவை வந்தவங்களுக்கும் மறுபடி வரலாம். ஷிங்ரிக்ஸ்னு பேரு, 2017ல இங்க அனுமதி வந்துச்சு, 50 வயசு தாண்டினவங்களுக்கு 2 டோஸ், ரெண்டுல இருந்து ஆறு மாச இடைவெளியில, 2023ல இருந்து இந்தியாவுலயும் கிடைக்குது, விலை கூடத்தான். மெடிகேர் பார்ட் டி (வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்ல மருந்துக்கான பகுதி) இருக்கறவங்களுக்கு 2023ல இருந்து கையில இருந்து ஒண்ணும் குடுக்க வேண்டாம். இதுவரைக்கும் வராத அப்பா அம்மா ஊர்ல இருந்தா விசா இன்டர்வியூவுக்கு தேதி வாங்கும்போதே முதல் டோஸுக்கும் சொல்லிடுங்க, ரெண்டாவது டோஸ் முடிச்சுட்டே பிளைட் ஏறலாம். போட்ட அன்னிக்கு கை வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி இருக்கும், அதைப் பாத்து பயந்து ரெண்டாவது டோஸை விட்டுடாதீங்க.