100 மெகாபிட் இணைப்பில் 2.6 மட்டும்

முதுகலை ஆய்வகப் பயிற்சியில் இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் வேகத்தை அளக்க வேண்டியிருந்தது. இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட். போய்த் திரும்பும் நேரத்தைச் செயற்கையாக 200 மில்லி வினாடி ஆக்கியிருந்தேன். என் நிரலோ 2.6 மெகாபிட்டைத் தாண்ட மறுத்தது. பாக்கெட் (தரவுத் துண்டு) வழியில் தொலைகிறது என்று எண்ணி, நெரிசல் கட்டுப்பாட்டு வழிமுறைகளை இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீண் வேலை, ஒன்றுகூடத் தொலையவில்லை.

மூன்றாம் நாள்தான் காகிதத்தை எடுத்தேன். 100 மெகாபிட்டை 0.2 வினாடியால் பெருக்கினால் 2 கோடி பிட், அதாவது 25 லட்சம் பைட். இணைப்பு என்ற குழாய் நிரம்ப, பதில் வருமுன் அவ்வளவும் வழியில் இருக்க வேண்டும். பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால், பெறும் முனை அறிவித்த சாளரம் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவு) ஏறத்தாழ 65,000 பைட்டிலேயே நின்றது. 0.2 வினாடிக்கு அவ்வளவுதான் என்றால் 2.6 மெகாபிட்தான் வரும். பாக்கெட்டின் தலைப்பில் சாளரத்துக்கு 16 பிட்தான் இடம் (அதிகபட்சம் 65,535) என்பதால், அதைப் பெரிதாக்கும் வசதியை 1992இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்தது. அதுவும் இணைப்பைத் தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டில் ஒழுங்காகவே இருந்தது.

பிறகுதான் என் நிரலையே சந்தேகித்தேன் (முதலில் செய்திருக்க வேண்டியது). எங்கிருந்தோ நகலெடுத்த ஒரு வரி, பெறும் பஃபரை (வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) 64 கிலோபைட் என்று ஆணியடித்து வைத்திருந்தது. அதனால்தான் சாளரமும் வளரவில்லை. லினக்ஸில் அளவை நாமே சொல்லிவிட்டால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைத் தானாக வளர்ப்பதை நிறுத்திவிடும். வரியை நீக்கினேன். சில வினாடிகளில் வேகம் 90ஐத் தாண்டியது.